கண்ணாடிப் பேழையும் காண்போர் நோக்கும்: கொழும்புத் தேசிய நூதனசாலை பற்றிய ஒரு விமர்சனம்

1

இலங்கைத் தமிழ் வழக்கில் 'நூதனசாலை' எனவும் தமிழக வழக்கில் 'அருங்காட்சியகம்' எனவும் பெயர்பெறும் நிறுவனத்திற்குப் பொதுமக்கள் தாமாக இட்ட பெயர்கள் வேறு. சிங்களக் கிராமத்தவர் அதனைக் 'கட்டுகே' என்பர். எலும்பு வீடு என்பது அதன் பொருள். சென்னை நகரத்துச் சாதாரண மக்கள் ஒரு காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேசு' என்றும் மிருகக்காட்சிச்சாலையை 'உயிர்க் காலேசு' என்றும் அழைத்தனர். கற்றோர் இவற்றை அறியாமையின் வெளிப்பாடெனக் கொண்டு நகைப்பதுண்டு. ஆயினும் ஊன்றி நோக்குமிடத்து, இப்பெயர்களில் ஒரு விமர்சனம் பொதிந்திருத்தலை அவதானிக்கலாம். பயன்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணாடிக்குள் நிறுத்தப்பட்ட பொருள் உயிரிழந்த பொருளே என்பதைப் பாமர மக்கள் தமது அனுபவத்தினூடாக உணர்ந்துகொண்டனர்.

கற்றோர் இட்ட பெயரும் ஆராயத்தக்கதே. நூதனம் என்னும் வடசொல் புதுமையையும் விந்தையையும் குறிப்பது. ஒரு நாட்டின் மிகப் பழைய பொருட்களைச் சேர்த்துவைத்த இடத்திற்கு விந்தைச் சாலை என்று பெயரிட்ட மனப்பாங்கு எத்தகையது? தன் நாட்டுப் பொருட்களைத் தானே அந்நியனின் கண்கொண்டு பார்க்கும் மனப்பாங்கு அது. வயலில் கிடந்த கல்லும், கோயிலில் நீராடிய படிமமும், அடுக்களையில் புழங்கிய பாத்திரமும் அவற்றோடு வாழ்ந்தவர்க்கு விந்தையாகத் தோன்றியிருக்க முடியாது. அவை விந்தையாகத் தோன்றுவதற்கு முன்னர், அவற்றுக்கும் மக்களுக்குமிடையேயிருந்த உறவு அறுந்திருத்தல் வேண்டும்.

நூதனசாலை பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் வழிகாட்டிக் குறிப்புகளாகவோ பயணக் கட்டுரைகளாகவோ அமைந்துவிடுகின்றன. இன்ன மண்டபத்தில் இன்ன பொருள் உண்டு, அதன் அழகு சொல்லுந் தரமன்று என்பதோடு அவை அமைதியடைகின்றன. ஒரு நாவலையோ காவியத்தையோ இவ்வாறு அணுகினால் அது விமர்சனமாகாது என்பதை இன்று எவரும் ஒப்புக்கொள்வர். நூதனசாலையும் ஆக்கப்பட்டதொன்றே. எதைச் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது, எதை முன்னிறுத்துவது, எந்தப் பெயரிட்டு அழைப்பது ஆகிய தெரிவுகளின் வழியாக அது நாட்டின் கடந்த காலம் பற்றிய ஒரு கூற்றை முன்வைக்கின்றது. அக்கூற்றுக்குச் சமூக அடிப்படை உண்டு; அதனைக் கேள்விக்குள்ளாக்குதலும் சாத்தியமே. இந்நோக்கில், இலங்கையின் தலைநகராக நெடுங்காலம் விளங்கிய கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலையை ஆராய்வது பயனுடைத்து.

2

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. 1845இல் தோன்றிய றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையினர் இத்தகையதொரு நிறுவனம் வேண்டுமென வற்புறுத்தி வந்தனர். 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாகவிருந்த சேர் வில்லியம் கிரகரி அதனை நிறைவேற்றினார். பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சிமிதர் இத்தாலியப் பாணியில் கட்டடத்தை வரைந்தளித்தார். கிரகரியின் சிலை இன்றும் அதன் முன்றிலில் நிற்கின்றது.

கிரகரியைப் பண்பாட்டுப் புரவலர் எனப் போற்றுவது வழக்கம். வடமத்திய மாகாணத்தை 1873இல் உருவாக்கியமை, பழைய குளங்களைத் திருத்துவித்தமை, கல்வெட்டுகளைப் படியெடுக்க அறிஞரை நியமித்தமை ஆகியன அவர் பணிகளுட் குறிப்பிடத்தக்கன. ஆயின் இதே கிரகரி, அயர்லாந்து பெரும் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த 1847ஆம் ஆண்டில், பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராக வேறொரு சாதனையையும் புரிந்தவர். கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருக்கும் குடியானவன் அதனைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெற முடியாது என்னும் விதியைச் சட்டத்திற் புகுத்தியவர் அவரே. அயர்லாந்து வரலாற்றில் அவ்விதி இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. உணவா நிலமா என்ற தெரிவுக்குத் தள்ளப்பட்டு எண்ணற்ற குடும்பங்கள் மண்ணை இழந்தன. ஓர் அடிமை நாட்டின் உழவனை நிலத்திலிருந்து பெயர்த்த கையே மற்றோர் அடிமை நாட்டின் தொல்பொருட்களைப் பேணுவதற்கு மாளிகை எழுப்பியது. இவ்விரண்டையும் ஒரு மனிதனின் குணமுரண்பாடாகக் கொள்வது போதாது. வாழும் மக்களின் நிலத்தை நிருவகிப்பதும் மறைந்த மக்களின் பொருட்களை வகைப்படுத்துவதும் ஒரே ஆட்சிமுறையின் இரு தொழில்களாகவிருந்தன.

நூதனசாலை எழுந்த காலம் கோப்பிப் பொருளாதாரம் செழித்திருந்த காலமுமாகும். கோப்பி இலைநோய் 1869இலேயே கண்டறியப்பட்டபோதிலும், எழுபதுகளில் நிலவிய உயர்ந்த விலை அரசிறையை நிரப்பிற்று. அக்கோப்பியைப் பறித்தவர்கள், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நடந்து மலைநாடு சென்ற தமிழ்த் தொழிலாளராவர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். கோப்பி வருவாயால் கொழுத்த குடியேற்ற அரசாங்கத்தின் செலவிலேயே கொழும்பின் வெண்ணிற மாளிகை எழுந்தது என்பதை அதன் வாயிலிலுள்ள எந்தக் கல்லும் கூறுவதில்லை.

கட்டடத்தை எழுப்பியவர் பற்றியும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஒப்பந்தக்காரரான வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெரியார், திறப்பு விழாவன்று என்ன பரிசு வேண்டுமெனத் தேசாதிபதி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட்டிருத்தல் வேண்டும் என்று மட்டுமே கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் அது நெடுங்காலம் மூடப்பட்டிருந்தமைக்கு இக்கதையே காரணமாகச் சொல்லப்படுகின்றது. கதை எவ்வளவு தூரம் உண்மையாயினும் ஒன்று சிந்தித்தற்குரியது. ஆட்சியாளருக்குச் சிலை கிடைத்தது. வரைந்தவர் பெயர் நூல்களில் இடம்பெற்றது. கட்டியவருக்கு ஒரு கதை எஞ்சியது. கல் சுமந்தவர்க்கோ அதுவுமில்லை. நூதனசாலைக்குள் அடுக்கப்பட்டுள்ள வரலாறும் ஏறக்குறைய இந்த வரிசையிலேயே அமைந்துள்ளது.

3

1942ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தேசிய நூதனசாலைகள் கட்டளைச்சட்டம் அந்நிறுவனத்திற்குத் 'தேசிய' என்னும் அடைமொழியை வழங்கிற்று. சட்டம் பெயரை மாற்றவல்லது. பொருட்களை அடுக்கும் முறையை மாற்றவல்லதன்று. கீழ்த்தள மண்டபங்களின் ஒழுங்கு அநுராதபுரம், பொலனறுவை, நிலைமாறு காலம், கண்டி எனச் செல்வது. தலைநகரங்களின் பெயர்களே காலத்தின் பெயர்களாகின்றன. மன்னன் இருந்தவிடம் வரலாறு. அவன் பெயர்ந்தால் வரலாறும் உடன்பெயரும் என்பதே இவ்வொழுங்கின் உட்பொருள். தலைநகரத்து நூதனசாலை ஒன்று கடந்த காலத்தையும் தலைநகரங்களின் தொடராகவே காண்பது வியப்பன்று.

இவ்வொழுங்கில் மிகக் கூர்ந்து நோக்கவேண்டியது 'நிலைமாறு காலம்' என்னும் பகுப்பாகும். பொலனறுவையின் வீழ்ச்சிக்கும் கண்டியின் எழுச்சிக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகள் இப்பெயராற் குறிக்கப்படுகின்றன. ஆனால் அந்நூற்றாண்டுகளிலேயே யாழ்ப்பாண இராச்சியம் தோன்றி வளர்ந்து, 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. வன்னிமைகள் நிலைபெற்றன. தென்மேற்குக் கரையில் வணிகம் பெருகியது. முஸ்லிம் குடியிருப்புகள் வேரூன்றின. சிங்கள இலக்கியத்தில் சந்தேச காவியங்கள் செழித்தன. இத்துணை ஆக்கங்கள் நிகழ்ந்த காலத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பாலமாக மட்டும் காண்பவர், பேரரசு இல்லாத இடத்தில் வரலாறும் இல்லையென்ற எடுகோளைத் தம்மையறியாமலே ஏற்றவராகின்றார். அக்காலத்தில் வாழ்ந்த உழவனோ நெசவாளனோ தான் நிலைமாறிக்கொண்டிருப்பதாக எண்ணியிருக்க மாட்டான்.

இதற்கு மாற்றாகத் தமிழ் வாசகர் பலர் விரும்புவது, 'யாழ்ப்பாண இராச்சியம்' என்று மேலுமொரு மண்டபம் சேர்க்கப்படுவதையேயாகும். கோரிக்கை நியாயமானதே. ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட, இடபமும் 'சேது' என்ற சொல்லும் பொறித்த நாணயங்கள் தனியாக ஆராயத்தக்கனவே. எனினும் கோரிக்கை அவ்வளவில் நின்றுவிடின், மன்னர் வரிசையில் மேலுமொரு மன்னரைச் சேர்த்ததாகுமேயன்றி நோக்கில் மாற்றம் ஏற்பட்டதாகாது. நல்லூர் அரண்மனையிற் புழங்கிய நாணயத்தைக் காட்டி, மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவனின் மூச்சைக் காட்டாது விடும் வரலாறு, எந்த மொழியில் எழுதப்படினும் அரைகுறை வரலாறே. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த எழுத்துப் பொறித்த முத்திரை இங்கு நல்லதொரு உதாரணமாகும். ஓர் ஈமக்குழியில், எலும்புக்கூட்டின் அருகே, மட்கலங்களின் நடுவே அது கிடைத்தமையாலேயே அதற்கு ஆய்வுப் பெறுமதி ஏற்பட்டது. எழுத்தை மட்டும் பார்ப்பவர் பெருமிதத்தையே பெறுவர். குழியையும் கலங்களையும் சேர்த்துப் பார்ப்பவர் ஒரு சமூகத்தைக் காண்பர்.

4

நூதனசாலையின் பெருஞ் செல்வமாக அறிஞரால் மதிக்கப்படுவன பொலனறுவைச் சைவப் படிமங்களாகும். சிவ தேவாலயங்கள் என வழங்கும் கோயில்களின் இடிபாடுகளை எச்.சி.பி. பெல் தலைமையிலான தொல்பொருளாய்வினர் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது நடராசர், உமை, சுந்தரர் முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. ஆனந்த குமாரசுவாமி 1914இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்த நூலில் அவற்றை ஆராய்ந்தார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றின் சமயப் பொருளை விளக்கி எழுதினார். அவை சோழநாட்டில் வார்க்கப்பட்டுக் கொணரப்பட்டனவா, இலங்கையிலேயே வார்க்கப்பட்டனவா என்ற விவாதம் அன்றுதொட்டுத் தொடர்கின்றது.

இவ்விவாதம் இருவகைப் பயன்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. ஒரு சாரார் அவை வந்தேறிகளின் பொருட்கள் எனக் காட்ட விழைவர். மறு சாரார் அவை தமிழரின் உரிமைச் சாசனம் எனக் காட்ட விழைவர். இரு சாராரும் நூதனசாலையைக் காணி உறுதிகள் வைக்கும் பெட்டகமாகவே கருதுகின்றனர். உலோகம் எங்கிருந்து வந்தது, கன்னார் எவ்விதிகளின்படி உழைத்தனர், அவர்களுக்குக் கூலி தந்தோர் யாவர், பௌத்த அரசு நிலவிய தலைநகரில் சிவன் கோயில்கள் எந்த வணிக, படைத்துறைக் குழுக்களின் ஆதரவில் நிலைத்தன என்னும் கேள்விகளுக்கு உறுதிப்பத்திர வரலாற்றில் இடமில்லை. தமிழ்நாட்டுக் கலைமரபும் ஈழத்து வாழ்க்கையும் ஒன்றோடொன்று கலந்து வளர்ந்தமைக்கு இப்படிமங்கள் சான்று. எல்லை பிரிப்பதற்கு அவை ஏற்ற கற்களல்ல.

இனி, படிமம் கோயிலிலிருந்து கண்ணாடிப் பேழைக்கு வந்தமையால் நேர்ந்ததென்ன? கோயிலில் உற்சவமூர்த்தி பட்டாலும் மாலையாலும் அணிகளாலும் மூடப்பட்டிருக்கும். முகமும் கரங்களுமே பெரும்பாலும் தோன்றும். திருமேனியின் முழுவடிவம் அபிடேக வேளையில் மட்டுமே வெளிப்படும். நூதனசாலையிலோ அணியெதுவுமின்றி, எப்பக்கத்தினின்றும் நோக்கத்தக்கதாக அது நிற்கின்றது. பக்தன் ஒருபோதும் காணாத முதுகுப்புறத்தின் வளைவைக் கலை வரலாற்று மாணவன் காண்கின்றான். இது இழப்பா, பேறா? இரண்டுமாம். விழா, வீதி, வாத்தியம், கூட்டம் ஆகியவற்றோடு கூடிய ஒரு முழு அனுபவம் அழிந்தது. கைவினைஞனின் திறன் முதன்முறையாகத் தனித்துப் புலப்பட்டது.

ஆனந்த குமாரசுவாமி இம்முரண்பாட்டை நன்குணர்ந்தவர். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877ஆம் ஆண்டிலேயே அவரும் கொழும்பிற் பிறந்தார் என்பது தற்செயலாயினும் சுவையான ஒற்றுமை. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளிவந்த அவரது பெருநூல், கைவினை வாழ்வோடு பிணைந்திருந்த சமுதாயம் சிதைவதைக் கண்ட துயரிலிருந்து பிறந்தது. 1917 முதல் 1947இல் மறையும் வரை பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றியபோதும், பழங்காலப் பொருட்கள் நூதனசாலைக்கெனச் செய்யப்பட்டனவல்ல, வாழ்வின் தேவைக்கெனச் செய்யப்பட்டவை என்பதை அவர் ஓயாது வலியுறுத்தினார். அவரது கருத்தின் முதற்பாதி மறுக்க முடியாதது. ஆயின் மறுபாதியில் ஒரு குறை உண்டு. இராசகாரிய முறையாலும் சாதிக் கட்டுப்பாட்டாலும் பிணிக்கப்பட்டிருந்த கைவினைஞனின் நிலையை அவர் இணக்கமும் நிறைவும் பொருந்தியதாகவே கண்டார். பொருளின் அழகு, அதனைச் செய்தவனின் விலங்கை அவர் பார்வையினின்றும் மறைத்துவிட்டது எனலாம்.

இழந்தவற்றைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. கோயிலில் அத்திருவுருவத்தின் முன் நிற்க எல்லோர்க்கும் உரிமை இருந்ததா? இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும், 1968இல் மாவிட்டபுரத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராடவேண்டியிருந்தது. வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கிய எவரும், எக்குலத்தவராயினும் எம்மதத்தவராயினும், நடராசர் திருவுருவத்திற்கு ஒரு முழத் தொலைவில் நிற்கக்கூடிய முதலாவது இடம் நூதனசாலையே. குடியேற்ற ஆட்சி இதனைச் சமத்துவத்தின் பொருட்டுச் செய்ததன்று என்பது உண்மை. எனினும் செயலின் விளைவு செய்தவனின் நோக்கத்தைக் கடந்து செல்வது வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதே. 'கோயிலில் இருக்கவேண்டியது இங்கே சிறையிருக்கின்றது' என்று வருந்துவோர், அக்கோயிற் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே வினவுதல் வேண்டும்.

5

காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு நூதனசாலையின் மற்றோர் அரும்பொருள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய இக்கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது பொறியியலாளர் ஒருவரால் கண்டறியப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என மூவர்க்கும் ஏறக்குறைய ஒத்த காணிக்கைகளே வழங்கப்பட்டன.

இக்கல்லின் முன் நிற்கும் தமிழ் மாணவனுக்கு முதலில் எழுவது பெருமித உணர்ச்சி. பதினைந்தாம் நூற்றாண்டிலே தென்னிலங்கைத் துறைமுகமொன்றில் சீனப் பேரரசு தன் சாசனத்தைத் தமிழிலும் பொறித்தது. சிங்களம் அதில் இடம்பெறவில்லை. இவ்வுண்மையைக் கொண்டு வாதம் தொடுப்பது எளிது. ஆயின் கல் கூறுவது அதுவன்று. கல்லின் மொழிகள் நாட்டு மக்களின் மொழிகளாகத் தெரியப்பட்டனவல்ல. இந்து சமுத்திர வணிகத்தின் மொழிகளாகவே தெரியப்பட்டன. தமிழ் அங்கே நிற்பது ஓர் இனத்தின் கொடியாகவன்று, துறைமுகங்களை இணைத்த வணிகரின் மொழியாகவே. தமிழ்ப் பகுதி போற்றும் தெய்வமோ சிங்கள மக்களாலும் உபுல்வன் என வழிபடப்பட்டது. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தழித்தபோது சிங்களவருடையது எது, தமிழருடையது எது என்று பிரித்து அழிக்கவில்லை.

மறுபுறம், இக்கல்லைச் சமய நல்லிணக்கத்தின் சின்னமாக மட்டும் போற்றுவோரும் உளர். அவர்கள் கப்பல்களை மறந்துவிடுகின்றனர். காணிக்கை கொணர்ந்த அதே கடற்படை, அடுத்து வந்த ஆண்டுகளில் இலங்கையிற் போர் புரிந்து, அளகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்திற்குக் கொண்டு சென்றது. மும்மதத்தையும் ஒருங்கே மதித்தல் ஒரு பேரரசின் கடல் வணிகத்திற்குத் தேவையாயிருந்தது. காணிக்கைப் பட்டியலையும் சிறைப்பிடிப்பையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதே கல் முழுமையாகப் பேசத் தொடங்குகின்றது. மதகை மூடும் கல்லாக அது பயன்பட்ட காலமும் அதன் வரலாற்றின் ஒரு பகுதியே.

6

தலைநகரமென்பது பொருட்களைத் தன்பால் ஈர்க்கும் இயல்பினது. பேரரசின் தலைநகருக்குக் குடியேற்ற நாட்டின் பொருள் சென்றது. திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழ்க்கரையிற் கிடைத்ததெனக் கூறப்படும், ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர் உயரமான, பொன்முலாம் பூசிய தாராதேவி படிமம் இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. 1830இல் சேர் றொபேட் பிறவுண்றிக் அதனை நன்கொடையாக அளித்தார் என்பது பதிவு. 1815இல் கண்டியைக் கைப்பற்றியவரும் 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியவரும் அவரே. அவர் கைக்கு அது எவ்வாறு வந்தது என்ற இடத்தில் 'நன்கொடை' என்ற சொல் கதவை அடைத்துவிடுகின்றது. இலண்டன் சேர்ந்த பின்னரும், மேனியின் வனப்புக் கருதி, அது பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படாதிருந்தது. வழிபாட்டிற்குரிய வடிவம் ஒரு பண்பாட்டில் மறைக்கவேண்டிய உடலாக மாறிற்று.

கண்டியரசரின் முடியும் சிம்மாசனமும் 1934இல் இலங்கைக்குத் திரும்பின. அச்சிம்மாசனம் பலரும் எண்ணுவதுபோல் கலப்பற்ற தேசியச் சின்னமன்று. 1693இல் ஒல்லாந்த ஆள்பதி இரண்டாம் விமலதருமசூரியனுக்கு அளித்த பரிசு அது. அதில் இறுதியாக அமர்ந்த சிறீ விக்கிரம இராசசிங்கன் மதுரை நாயக்கர் வழிவந்தவன். 1832இல் வேலூரில் கைதியாகவே மறைந்தான். ஒல்லாந்தர் கொடுக்க, நாயக்கர் அமர, ஆங்கிலேயர் கவர்ந்து மீளத் தந்த ஓர் ஆசனம் சிங்கள இறைமையின் சின்னமாக நிற்பது முரணாகத் தோன்றலாம். ஆயின் இலங்கையின் உண்மை வரலாறு இத்தகைய கலப்புகளாலேயே ஆனது. 1765இல் கண்டியில் ஒல்லாந்தர் கொள்ளையிட்ட லெவ்கே திசாவையின் பீரங்கி முதலிய ஆறு பொருட்களை நெதர்லாந்து அரசாங்கம் 2023இல் திருப்பியளித்தது. இது வரவேற்கத்தக்கது, தாராதேவி படிமத்திற்கும் இம்முன்மாதிரி பொருந்தும்.

எனினும் மீட்பு பற்றிய விவாதம் அரசுகளிரண்டுக்கிடையே மட்டும் நடைபெறுவதாயின் ஒரு கேள்வி எழாமலே போகும். கண்டியிற் கவர்ந்தது கொழும்புக்குத் திரும்பிற்று, கண்டிக்கன்று. பொலனறுவையில் அகழ்ந்தது கொழும்பில் உள்ளது. தாராதேவி நாளை மீளுமாயின் கீழ்க்கரைக்குச் செல்வாளா, தலைநகர் மண்டபத்தில் நிற்பாளா? இலண்டனுக்கு எதிராகக் கொழும்பு எழுப்பும் நியாயங்களைக் கொழும்புக்கு எதிராக மாகாணங்களும் எழுப்புதல் கூடும். பாதுகாப்பு, ஆய்வு வசதி, பலரும் காணும் வாய்ப்பு என இலண்டன் கூறும் காரணங்களையே கொழும்பும் கூறும். அக்காரணங்கள் முற்றிலும் பொய்யானவையுமல்ல. 1885 முதல் நாட்டில் அச்சாகும் நூல்கள் சட்டப்படி கொழும்பு நூதனசாலை நூலகத்தைச் சேர்ந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபின், பழைய தமிழ் அச்சுநூல்களைத் தேடுவோர்க்கு அந்நூலகத்தின் பெறுமதி மேலும் உயர்ந்தது. ஒன்றை ஓரிடத்தில் மட்டும் குவித்தலின் ஆபத்தையும், வேறோர் இடத்திலும் படி இருத்தலின் பயனையும் அந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்திற்று.

7

காட்சிப்படுத்தல் முடியையும் படிமத்தையும் மட்டும் பற்றியதன்று. 1893இல் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் தேயிலையைப் பெரிதும் விளம்பரப்படுத்திற்று. மணமும் நிறமும் காட்டப்பட்டன. பறித்த கை காட்டப்படவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 2001இல், கண்டிக்கண்மையில் ஹந்தானையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையும் இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் ரெய்லரின் நினைவுப் பொருட்களையுமே முதன்மைப்படுத்திற்று. உற்பத்திக் கருவிக்கு வரலாறு உண்டு, உற்பத்தி செய்தவனுக்கு இல்லை என்பதே இதனாற் பெறப்படுவது.

இதற்கு விடையளிப்பதுபோல் 2007இல் கம்பளைக்கண்மையில், பழைய பீகொக் தோட்டத்து லயன் ஒன்றில், பெருந்தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு நூதனசாலை தோன்றியது. லயன் அறை, பழைய பாவனைப் பொருட்கள், தோட்ட வாழ்வின் ஆவணங்கள் ஆகியனவே அங்குக் காட்சிப் பொருட்கள். பொன்னோ வெண்கலமோ அவற்றிலில்லை. இவற்றைப் பேணத்தக்கன என்று முடிவுசெய்தமையே ஒரு வரலாற்றுத் தீர்ப்பு எனலாம். 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம், நாட்டின் வரலாற்றில் தனக்கும் பங்குண்டு என்பதைக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் முன்வைத்து நிறுவுகின்றது. அளவாற் சிறிதாயினும், தலைநகரின் மாளிகை கேட்கத் தவறிய கேள்வியை அந்த லயன் கேட்டுள்ளது.

8

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது நூதனசாலையைப் புறக்கணிக்கவேண்டும் என்பதன்று. அடிக்கடி செல்லவேண்டும், ஆனால் வேறுவிதமாக நோக்கவேண்டும் என்பதே. பொருளின் அருகிலுள்ள விளக்கக் குறிப்பு பெரும்பாலும் பெயர், மூலப்பொருள், கிடைத்த இடம், நூற்றாண்டு ஆகிய நான்கோடு நின்றுவிடும். இதனைச் செய்தவர் யார், செய்வித்தவர் யார், இது யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது, இங்கு வந்து சேர்ந்த வழி யாது என்னும் வேறு நான்கு கேள்விகளைக் காண்போர் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். விடைகள் சிலபோது நூலகத்தில் கிடைக்கும். சிலபோது அகழ்வறிக்கையில் கிடைக்கும். சிலபோது வாய்மொழிக் கதையிலன்றி வேறெங்கும் கிடையா. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் கல்வெட்டையும் ஏட்டையும் இலக்கியச் சான்றாகப் பயன்படுத்தப் பழகியுள்ளனர். பாத்திரத்தையும் படிமத்தையும் நாணயத்தையும் அவ்வாறே சமூகச் சான்றாகப் பயன்படுத்தும் பயிற்சி இன்னும் போதிய அளவு வளரவில்லை.

மூன்று தசாப்தப் போரின்போது வடக்கிலும் கிழக்கிலும் வீடுகளோடும் கோயில்களோடும் அழிந்துபோன ஏடுகள், படங்கள், கருவிகள், தட்டுமுட்டுகள் எத்தனையென எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்க்கும் பணி தலைநகரத் திணைக்களத்திற்கு மட்டும் உரியதன்று. ஊர்ச் சனசமூக நிலையமும் பாடசாலையும் பல்கலைக்கழகச் சங்கமும் செய்யக்கூடியது அது. அப்பணியில் இறங்குவோர் தமது சமூகத்தின் பெருமைக்குரிய பொருட்களை மட்டும் பொறுக்கியெடுத்து, தேநீர்க் கடையில் ஒடுக்கப்பட்டவனுக்கென ஒதுக்கிவைக்கப்பட்ட சிரட்டையைத் தவிர்த்துவிடுவாராயின், கிரகரியின் மாளிகையிற் கண்ட குறையையே தமது சிறு மண்டபத்திலும் மீளக் கட்டியவராவர். அந்தச் சிரட்டைக்கும் ஒரு பேழை வேண்டும்.